பின்குறிப்பு

ஒரே கடிதம்தான்.
ஆண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள்.
'அன்புள்ள' என்பதற்குப் பிறகு
ஒரு பெயர் கொள்ளுமளவு இடம் விட்டிருப்பார் பயிற்சியாளர்.
அதில் நான் அடிப்பேன்:
நெப்ராஸ்காவின் ஆறரை அடி உயரத்தை,
டெட்ராய்ட்டின் இடக்கையை,
ஆட்டத்துக்குப் பதினெட்டுப் புள்ளி எடுக்கும்
யாரோ ஒரு பாதிரியாரின் மகனை.

'உன்னைக் கவனித்து வருகிறோம்.'
கவனித்தவர் உதவிப் பயிற்சியாளர் ஹாஸ்காம்ப்,
பெட்ரோல் ரசீது கேட்டு நான் நச்சரிக்கும் ஆள்.
அவரும் பாதி நாள்
மதுக்கடைத் தொலைக்காட்சியில்தான் கவனித்தார்.
கையெழுத்தும் என்னுடையதே.
பயிற்சியாளர் பெயரின் கடைசிச் சுழியை
அவரைவிட நன்றாகவே சுழிப்பேன்.
'வெர்லீன், நீ இல்லாவிட்டால் இங்கே அணியே இல்லை.'
சம்பளம் கூட்டிக் கேட்டால்
நிதியும் இல்லை.

எழுபத்தொன்பது, பிப்ரவரி.
கட்டடத்தின் கொதிகலன் செத்துப்போன மதியம்.
விரல் வெட்டிய கையுறையோடு தட்டிக்கொண்டிருந்தேன்.
அடுத்த பெயர் க்விலன் தெரியோ, லூசியானா,
இறால் படகு வீட்டுப் பையன்.
முகவரியில் தெரு எண் இல்லை,
ஒரு பாலத்தின் பெயர் இருந்தது.
என்ன தோன்றியதோ,
அடியில் பேனாவால் எழுதினேன்:
'இங்கே ஏப்ரல் வரை பனி.
கோட்டு வாங்கிக் காசைக் கரியாக்காதே.
வா, பார்த்துக்கொள்ளலாம்.'

அடுத்த உறை எஃப்ரெயின் சவாலா, அரிசோனா.
அவனுக்கும் எழுதினேன்.
மூன்றாவதற்குள் மை உறைந்துவிட்டது.

இருவரும் வந்தார்கள்.
அக்டோபரில் தேவாலயச் சந்தையில்
இரண்டு கோட்டுகள், நான்கு டாலர், என் பணம்.
க்விலனுக்குக் கை முழங்கையோடு நின்றது.
ஆட்டக்காரருக்கு
உடை, உணவு, பயணச்சீட்டு
எதுவும் தரலாகாது என்கிறது விதி.
எனக்குத் தெரியும்.
அந்தப் பக்கத்தை அடித்தவள் நான்.

எஃப்ரெயினின் முழங்கால்
இரண்டாம் பருவத்தில் போயிற்று.
மேல்வரிசை வரை கேட்டது அந்தச் சத்தம்.
உதவித்தொகை நிறுத்தும் கடிதமும்
என் இயந்திரத்துக்குத்தான் வந்தது.
அதில் பெயருக்கு இடம் இல்லை,
'மாணவருக்கு' என்றிருந்தது.
அடியில் நாலு விரற்கடை வெள்ளைத் தாள்.
பேனாவைத் திறந்தேன்,
மூடினேன்.

நேற்று விழா.
க்விலனின் சட்டை எண் அரங்கக் கூரைக்கு ஏறியது.
தொழில்முறை ஆட்டத்தில் பன்னிரண்டு பருவம்,
இரண்டு வாகை மோதிரம்,
இப்போது ஊரில் சொந்தமாய்ப் படகுத்துறை.
ஒலிபெருக்கியை உயர்த்திக்கொண்டு சொன்னான்:
'ஐம்பத்தாறு கல்லூரிகள் கடிதம் போட்டன.
ஒன்றில்தான் கோட்டு இருந்தது.'
சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் பக்கம் தலை தாழ்த்தினான்.
எண்பத்தெட்டு வயதில் அவர்
நினைவிருப்பதுபோல் தலையசைத்தார்.
உண்மையிலேயே இருந்திருக்கலாம்,
எழுதாததும் இந்த வயதில் நினைவுக்கு வரும்.
கூட்டம் எழுந்து கைதட்டியது.
பதினான்காம் மேசையில் நானும்,
தட்டில் கோழி ஆற ஆற.

இன்று காலை வாசற்படியெல்லாம் கண்ணாடிப் பனி.
உப்பு வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.
நாற்பது பவுண்டு மூட்டையைத் தோளில் ஏற்றி
ஒரு காலைச் சற்று இழுத்தபடி
கார் வரை வந்தான் எஃப்ரெயின்.
'விழா எப்படி?'
'கோழி வேகவில்லை.'
சிரித்தான்.
டிக்கியைச் சாத்திவிட்டும் போகாமல் நின்றான்.

'கடன் சீட்டில் கையெழுத்துப் போடுகிறீர்களே,' என்றான்,
'முப்பது வருஷமாய்ப் பார்க்கிறேன்.
அந்த க-வுக்கு அடியில் ஒரு கொக்கி.
ஒரே ஆள்தான் அப்படிப் போடுவார்.'

என் பெயரில் க இல்லை.
கோட்டில்தான் இருக்கிறது.
அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
பொத்தானை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.
இது வேறு கோட்டு,
அவனே வாங்கியது,
கை சரியாக மணிக்கட்டு வரை.